தம் போட்ட பாஸ்தா: சமைத்தவரும் உடன் அமரும் இரவு உணவு



மஃரிப் தொழுகைக்கும் இஷா தொழுகைக்கும் இடையே மதுரை வட்டாரத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் நாளில் இதைவிட நெருக்கடியான பொழுது வேறில்லை. பிள்ளைகள் ஓத வேண்டியதும், வீட்டுப்பாடம் எழுத வேண்டியதும் இப்பொழுதில்தான். வீட்டுப் பெரியவர்கள் மாத்திரைக்கு முன் உண்ண வேண்டியதும் இப்பொழுதில்தான். இவை அனைத்திற்கும் நடுவே இரவுச் சமையலும் நடந்தாக வேண்டும். நேரம் போதாதபோது அதற்கான விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் அடுப்படியில் நிற்பவரே. அவருடைய தொழுகை விரைவாகிறது, ஓதல் நின்றுபோகிறது, உணவு கடைசிப் பந்திக்குத் தள்ளப்படுகிறது.

நாங்கள் இருவரும் ஓரகத்திகள். மேலூரை அடுத்த திருவாதவூரில், மாமியார், கணவன்மார் இருவர், பிள்ளைகள் மூவர் என எட்டுப் பேர் கொண்ட வீட்டில் ஒரே அடுப்படியைப் பகிர்ந்துகொள்கிறோம். எங்களுள் ஒருவர் ஆசிரியை. மற்றவர் வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்கிறார். சென்ற ஆண்டுவரை எங்கள் வீட்டில் இரவு உணவு நான்கு பந்திகளாக நடந்துவந்தது. ஏழரை மணிக்கு மாமியார், சர்க்கரை நோய் மாத்திரையின் பொருட்டு. எட்டு மணிக்குப் பிள்ளைகள். ஒன்பதரை மணிக்குக் கடை அடைத்துவிட்டு வரும் கணவன்மார். பத்து மணிக்கு மேல், ஆறிப்போன குழம்போடு நாங்கள். சோறு, குழம்பு, ஒரு பொரியல், சில நாள் தோசை எனப் பாத்திரங்கள் மட்டும் குறைவின்றிக் குவியும். உடம்பு ஒத்துழைக்காத நாளில் மேலூரிலிருந்து பரோட்டாவும் சால்னாவும் பொட்டலமாக வந்து சேரும். மதுரைச் சீமையில் இரவுக்கும் பரோட்டாவுக்கும் உள்ள உறவை நாம் விளக்க வேண்டியதில்லை.

இப்பொழுது வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், எங்கள் வீட்டில் ஒரே பந்திதான். அந்த இரண்டு நாளும் ஒரே சட்டியில் ஆகும் பாஸ்தாவையே சமைக்கிறோம். அதன் செய்முறையையும், அதனால் எங்கள் இல்லத்தில் ஏற்பட்ட மாற்றத்தையும் நம் சமுதாயக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெப்பத்தைத் தாங்கியவரின் உரிமை

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நபிமொழி ஒன்று உண்டு. உங்களுக்காக உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உங்களோடு அமர்த்தி உண்ணச் செய்யுங்கள், அது இயலாவிடில் ஓரிரு கவளமேனும் அவருக்குக் கொடுங்கள் என்பது அதன் கருத்து. அதற்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது: அந்த உணவின் வெப்பத்தையும் உழைப்பையும் தாங்கியவர் அவரே. கூலிக்குப் பணிபுரிபவருக்கே இந்த உரிமை என்றால், கூலியின்றி நாள்தோறும் அடுப்பின் வெப்பத்தைத் தாங்கும் மனைவியும் தாயும் மருமகளும் கடைசிப் பந்தியில் தனித்து அமர்வது எந்த ஒழுங்கில் அடங்கும்?

நாங்கள் உண்டும் வயிறு நிறைவதில்லையே என்று தோழர்கள் முறையிட்டபோது, தனித்தனியாக உண்கிறீர்கள் போலும் என்று கேட்டு, சேர்ந்து உண்ணுமாறும் அல்லாஹ்வின் பெயரைக் கூறி உண்ணுமாறும் நபியவர்கள் அறிவுறுத்திய செய்தி அபூதாவூதில் உள்ளது. சேர்ந்து உண்பது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் வழக்கம் இன்றும் உண்டு. ஆயினும் விருந்து நாளில் கூடி அமரும் நாம், வார நாளின் இரவில் ஒரே கூரையின்கீழ் நான்கு பந்திகளாகப் பிரிந்துவிடுகிறோம்.

ஏன் பிரிகிறோம் என்று எண்ணிப் பார்த்தோம். கடை நேரம் ஒரு காரணம். சமையலின் அமைப்பு மற்றொரு காரணம். தோசை ஒவ்வொன்றாகத்தான் கல்லிலிருந்து இறங்கும். சுடுபவர் ஒருவர் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். சப்பாத்தியும் அவ்வாறே. எல்லோர்க்கும் ஒரே வேளையில் முழுமையாக ஆகிவிடும் உணவாக இருந்தால் மட்டுமே சமைத்தவரும் உடன் அமர முடியும். நோன்புக் கஞ்சி அத்தகையது. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால் யாவும் ஒரே பாத்திரத்தில் வெந்துவிடுவதால்தான் பாங்கு ஒலிக்கும் வேளையில் வீடு முழுவதும் ஒன்றாக அமர முடிகிறது. பிரியாணியும் அத்தகையதே; ஆனால் வார நாளுக்கு அது பொருந்தாது. இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் எளிய உணவைத் தேடியபோதுதான், பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் பாஸ்தா எங்கள் கண்ணில் பட்டது.

பாஸ்தா நமக்கு அந்நியமா?

முதல் நாள் மாமியார் சட்டியைத் திறந்து பார்த்து, "சோறு இல்லாத ராத்திரியா?" என்றார். பிறகு ஒரு கரண்டி உண்டுவிட்டு, "இது குழாய்ச் சேமியா" என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பில் உண்மை இருக்கிறது. கோதுமையை அரைத்துப் பிசைந்து, அச்சில் பிழிந்து உலர்த்தினால் சேமியாவும் ஆகும், பாஸ்தாவும் ஆகும். எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள திண்டுக்கல் சேமியாவுக்குப் பெயர்பெற்ற ஊர்; அணில், சேவரிட் ஆகிய பெயர்களை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது.

வரலாறும் இதையே சொல்கிறது. சிசிலித் தீவை ஆண்ட இரண்டாம் ரோஜர் மன்னரின் அவையில் இருந்த முஸ்லிம் புவியியல் அறிஞர் அல் இத்ரீசி, 1154ஆம் ஆண்டில் தம் பெருநூலை நிறைவு செய்தார். பலெர்மோ நகருக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் 'இத்ரிய்யா' என்னும் மாவு இழைகள் ஏராளமாகச் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பல்களில் அனுப்பப்பட்டதை அவர் அந்நூலில் பதிவு செய்துள்ளார். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்னும் கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவர் வெனிஸுக்குத் திரும்பியது 1295இல். இத்ரீசியின் குறிப்பு அதற்கு 141 ஆண்டுகள் முற்பட்டது.

வளைகுடாவில் பணிபுரிந்து திரும்பிய நம் உறவினர் பலர் 'மக்ரோனா பெஷமெல்' என்னும் எகிப்திய உணவை அறிந்திருப்பர். குழல் வடிவப் பாஸ்தாவையும் கொத்துக்கறியையும் அடுக்கி, வெண்ணிறக் குழம்பை மேலே ஊற்றி அடுப்பறையில் சுட்டெடுப்பது அது. சுவையானதுதான். ஆனால் பாஸ்தாவுக்கு ஒரு பாத்திரம், கறிக்கு ஒன்று, மைதாவும் வெண்ணெயும் பாலும் சேர்ந்த குழம்புக்கு ஒன்று, சுடுவதற்கு ஒன்று என நான்கு பாத்திரம் வேண்டும், ஓவனும் வேண்டும். எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. இரண்டு பர்னர் உள்ள எரிவாயு அடுப்பும் ஒரு பிரியாணி டேக்சாவும்தான் உண்டு.

எனினும் ஓவனின் வேலை என்ன? உணவின்மேல் எல்லாத் திசையிலிருந்தும் வெப்பம் பாயச் செய்வதுதான். மூடியின்மேல் தணலை இட்டு, கீழே தீயைத் தணித்து, ஆவியை வெளியே விடாமல் அடைப்பதை நாம் 'தம்' என்கிறோம். ரவையும் முட்டையும் சீனியும் நெய்யும் சேர்ந்த தம்மடையை நம் மூதாட்டியர் இவ்வாறு மேலும் கீழும் நெருப்பிட்டுத்தான் சுட்டெடுத்தனர். ஆகவே ஓவன் இல்லாத வீட்டிலும் பாஸ்தாவுக்குத் தம் போடலாம்.

எட்டுப் பேருக்குத் தேவையானவை

பென்னே அல்லது வளைந்த மக்ரோனி 500 கிராம். முறைப்படி அறுத்த எலும்பில்லாக் கோழிக்கறி 400 கிராம். காய்ச்சிய பால் முக்கால் லிட்டர். கொழுப்பு மிக்க பாலாக இருந்தால் நன்று. தண்ணீர் ஒரு லிட்டர். சீஸ் 150 கிராம். வெண்ணெய் 50 கிராம். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. பெரிய வெங்காயம் 3. பூண்டு 10 பல். பச்சை மிளகாய் 4. கேரட் 2. குடைமிளகாய் 2. பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி. மிளகுத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி. ரஸ்க் 4. தேவைக்கு உப்பு. விரும்பினால் ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை.

பாஸ்தா பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்து வாங்குக. டியூரம் கோதுமை ரவையால் ஆனது குழையாமல் நிற்கும். மைதாவால் ஆனது ஒரே சட்டியில் வேகும்போது எளிதில் குழைந்துவிடும்.

பாத்திரம் அகன்ற வாயும் கனத்த அடியும் உடையதாய், ஆறு லிட்டர் கொள்வதாய் இருக்க வேண்டும். மூடுவதற்கு, பாத்திரத்தின் வாயைவிடப் பெரிய இரும்புத் தோசைக்கல் ஒன்று. அடியில் வைக்கச் சப்பாத்திக்கல் ஒன்று.

செய்முறை

அஸர் தொழுகைக்குப் பின் காய்களையும் கோழிக்கறியையும் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்க. கறியில் சிறிது உப்பும் பாதி மிளகுத்தூளும் பிசறி வைக்க வேண்டும். ரஸ்கைக் கையால் பொடித்துக்கொள்ளலாம்.

முதலில் டேக்சாவில் ஒரு தேக்கரண்டி வெண்ணெயை உருக்கி, ரஸ்க் தூளை இரண்டு நிமிடம் பொன்னிறமாக வறுத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துவைக்கவும். ஓவனில் மேற்புறம் தானாகச் சிவக்கும். மூடிய சட்டியில் ஆவி சூழ்ந்திருப்பதால் அவ்வளவாகச் சிவக்காது. அக்குறையை முன்கூட்டியே வறுத்த இந்தத் தூள் தீர்த்துவிடுகிறது.

அதே டேக்சாவில் எண்ணெயும் எஞ்சிய வெண்ணெயும் இட்டு, வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயை வதக்கவும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் கோழிக்கறியைச் சேர்த்து, முழுவதும் வேகும்வரை கிளற வேண்டும். சிறு துண்டுகள் ஆதலால் ஏழெட்டு நிமிடம் போதும். கேரட்டும் பட்டாணியும் சேர்த்து இரண்டு நிமிடம் வதக்கி அடுப்பை அணைத்துவிடலாம். இவ்வளவும் மஃரிப் பாங்குக்கு முன் முடிந்துவிடும். பாங்கு ஒலிக்கும்போது அடுப்பில் எதுவும் இல்லை என்பதால் தொழுகையிலும் மனம் அடுப்படிக்குத் திரும்புவதில்லை.

தொழுது முடித்ததும் அடுப்பை மீண்டும் ஏற்றி, ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றி உப்பிட்டுக் கொதிக்கவிடவும். கொதி வந்ததும் பாஸ்தாவை வேகவைக்காமல் அப்படியே கொட்டி, மூடியைச் சற்றுத் திறந்தாற்போல் வைத்து, நடுத்தரத் தீயில் எட்டு நிமிடம் வேகவிட வேண்டும். இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை அடிவரை கிளறுவது அவசியம்.

தண்ணீர் பெரும்பாலும் வற்றியபின் காய்ச்சிய பாலை ஊற்றித் தீயைக் குறைக்கவும். பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் அடிபிடிக்கும். அதனால்தான் இந்த வரிசை. தக்காளியோ எலுமிச்சையோ சேர்க்க விரும்புவோர் பரிமாறும்போது சேர்க்கட்டும். புளிப்போடு கொதித்தால் பால் திரிந்துவிடும். குடைமிளகாய், எஞ்சிய மிளகுத்தூள், ஜாதிக்காய்த் தூள் ஆகியவற்றை இட்டு ஐந்து நிமிடம் கிளறுக. பாஸ்தாவிலிருந்து வெளிப்பட்ட மாவுச்சத்து வடிக்கப்படாமல் சட்டியிலேயே இருப்பதால், பால் தானாகவே குழைந்து கெட்டிப்படும். மைதாவைத் தனியே வறுத்துக் குழம்பு காய்ச்சும் வேலை இல்லாமல் போவது இதனால்தான். இந்நிலையில் குழம்பு நாம் விரும்புவதைவிடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். தம்மில் பாஸ்தா அதை உறிஞ்சிக்கொள்ளும்.

அடுப்பை அணைத்துவிட்டு, துருவிய சீஸில் பாதியைச் சேர்த்துக் கலக்கவும். கடுந்தீயில் சேர்த்தால் சீஸ் திரண்டு எண்ணெய் பிரியும். மேற்பரப்பைச் சமப்படுத்தி, எஞ்சிய சீஸைத் தூவி, அதன்மேல் ரஸ்க் தூளைப் பரப்புக.

இனித் தம். ஒரு பர்னரில் சப்பாத்திக்கல்லை வைத்து அதன்மேல் டேக்சாவை ஏற்றி, தீயை மிகக் குறைவாக வைக்கவும். மற்றொரு பர்னரில், அடிப்புறம் நன்கு துடைத்த தோசைக்கல்லைக் காயவைத்து, சூடேறியதும் இடுக்கியால் பற்றி டேக்சாவின் வாயில் மூடியாக வைக்கவும். இவ்வேளையில் பிள்ளைகள் அருகில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு நிமிடம் கழித்து அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் திறக்காமல் விடுக. சிரட்டைக் கரித் தணல் உள்ளோர் சாதாரண மூடியின்மேல் அதை இடலாம். ஆனால் திறந்த முற்றத்தில் மட்டுமே. அடைத்த அறையில் கரித்தணலின் புகை உயிருக்கே ஆபத்து.

இந்தப் பதினேழு நிமிடமும் அடுப்படியில் ஆள் தேவையில்லை. எங்களுள் ஒருவர் பிள்ளைகள் ஓதுவதைக் கேட்கிறோம். மற்றவர் தாமே ஓதுகிறோம். பல ஆண்டுகளாக மஃரிபுக்குப் பின் குர்ஆனைக் கையில் எடுக்க வாய்க்காத எங்களுக்கு இந்தப் பதினேழு நிமிடம் சிறியதன்று.

சீஸ் வாங்கும் முன்

சீஸ் ஹலாலா என்னும் கேள்வி நம் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. தபூக்கில் நபி (ஸல்) அவர்களிடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டபோது, அவர்கள் கத்தியை வரவழைத்து, பிஸ்மில்லாஹ் கூறி அதை வெட்டியதாக இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. ஆகவே பாலாடைக்கட்டி என்னும் உணவில் ஐயமில்லை. ஐயம் எழுவது பாலை உறையச் செய்யும் ரென்னெட் என்னும் பொருளில்தான்.

மரபுவழி ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் ரென்னெட் குறித்து மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதைத் தூயதெனக் கருத, ஷாஃபிஈ மத்ஹபில் அது ஏற்கப்படுவதில்லை. மதுரை வட்டாரத்து ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். கடற்கரையோர மரைக்காயர் குடும்பங்கள் பெரும்பாலும் ஷாஃபிஈகள். பெண் கொடுத்தும் எடுத்தும் இரு மத்ஹபினரும் ஒரே பந்தியில் அமரும் வீடுகள் பல. எல்லோர்க்கும் ஐயமற்றதைத் தேர்வதே எளிது.

நம் நாட்டில் அதற்கு வழி இருக்கிறது. பச்சைச் சதுரத்தினுள் பச்சை வட்டம் இட்ட சைவக் குறியுள்ள சீஸில் விலங்கின் ரென்னெட் இருக்கக் கூடாது. நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கிய ரென்னெட்டே அதில் பயன்படும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் அமுல் சீஸ் இக்குறி உடையதே. மாறாக, இத்தாலியிலிருந்து இறக்குமதியாகும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் சீஸ் அந்நாட்டு விதிப்படி கன்றின் ரென்னெட்டால் மட்டுமே செய்யப்படுவது; அதை வாங்குவோர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

ஒன்றை மறந்துவிடலாகாது. பச்சைக் குறி விலங்குப் பொருள் இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. மது இல்லை என்பதற்குச் சான்றன்று. ஆயத்தக் குழம்புப் புட்டிகளிலும் உணவகத்துப் பாஸ்தாக்களிலும் ஒயின் சேர்வதுண்டு. வீட்டிலேயே சமைப்பதில் இந்தக் கவலை முற்றிலும் இல்லை.

செவ்வாயும் வியாழனும்

வியாழனன்று கோழிக்கறியோடு செய்கிறோம். செவ்வாயன்று கறியை நீக்கி, வேகவைத்த கொண்டைக்கடலை இரண்டு கோப்பை சேர்க்கிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. திருவாதவூர் என்றதும் தமிழுலகுக்கு மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதே நினைவுக்கு வரும். எங்கள் அடுத்த வீட்டுப் பெரியம்மா செவ்வாயும் வெள்ளியும் கறி உண்ணாதவர். ஆணம் சமைத்தால் தண்ணீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரை நினைவுகூருமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கூறிய அறிவுரையை நாம் அறிவோம். அதற்காகவே செவ்வாய்க்கிழமைச் சட்டியைப் பெரியம்மாவுக்கும் ஏற்றதாக அமைத்தோம். ஒரு கிண்ணம் அங்கே போகிறது. மறுநாள் அக்கிண்ணம் வெறுமையாகத் திரும்புவதில்லை.

பால் ஒவ்வாத பிள்ளைகள் உள்ள வீட்டில், பாலுக்குப் பதிலாக இரண்டாம் தேங்காய்ப்பால் ஊற்றி, சீஸை விட்டுவிட்டு ரஸ்க் தூளை மட்டும் தூவலாம்; அதற்குமுன் ரஸ்கில் பால் சேர்ந்துள்ளதா என்று பொட்டலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்; வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் போதும். நோன்புக் கஞ்சியின் சுவைக்குப் பழகிய நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இது நாள்தோறும் உண்ணத்தக்க உணவன்று என்பதையும் சொல்ல வேண்டும். சீஸில் உப்பும் கொழுப்பும் மிகுதி. மாமியாருக்குப் பரிமாறும்போது காயும் கறியும் மிகுதியாகவும் பாஸ்தா குறைவாகவும் எடுத்துவைக்கிறோம்.

இரண்டு மணி நேர வியாபாரம்

சட்டி ஒன்றானால் மட்டும் பந்தி ஒன்றாகிவிடாது. எங்கள் கணவன்மார் மேலூரில் கூட்டாகக் கடை நடத்துகின்றனர். மாலை ஏழு முதல் ஒன்பது வரைதான் வியாபாரத்தின் உயிர்நேரம். வாரத்தில் இரண்டு நாள் மேலூரிலேயே மஃரிப் தொழுதுவிட்டுக் கடையை அடைத்து வாருங்கள் என்று நாங்கள் கேட்டபோது, மூத்தவர் நெடுநேரம் பேசவில்லை. கடன் தவணையும் பிள்ளைகளின் கட்டணமும் அவர் மனத்தில் ஓடியிருக்கும். "ரெண்டு மணி நேரத்து யாவாரத்தை யார் தருவா?" என்று இளையவர் கேட்டார். அக்கேள்வி நியாயமானது. அந்த வியாபாரம் போவது உண்மை. எங்களிடம் அதற்கு ஈடு இல்லை.

விடை மாமியாரிடமிருந்து வந்தது. "உங்க அத்தா உயிரோட இருந்தவரைக்கும் நான் ஒருநாளும் அவர்கூட உக்காந்து சாப்பிட்டதில்ல. பரிமாறிட்டு நிப்பேன். இப்ப உக்காரலாம்னா அவர் இல்ல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழேகால் மணிக்கு வாசலில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்ததைப் புகாரியில் காண்கிறோம். எங்கள் வீட்டில் இப்பொழுது விரிப்பை விரிப்பது பிள்ளைகளின் வேலை. சட்டியை நடுவில் கொண்டுவந்து வைப்பதும், உண்டபின் அதைக் கழுவுவதும் கணவன்மாரின் வேலை. கழுவ வேண்டியவை ஒரு டேக்சா, ஒரு கிண்ணம், இரண்டு கல், எட்டுத் தட்டு, அவ்வளவே. உண்டு எழுந்து பள்ளிவாசல் சென்று இஷாவை ஜமாஅத்துடன் தொழ நேரம் இருக்கிறது. மஃரிபும் இஷாவும் முன்கூட்டியே வந்துவிடும் குளிர்மாதங்களில் உணவு விரித்திருக்கும்போதே பாங்கு ஒலிப்பதுண்டு. இரவு உணவு வைக்கப்பட்டிருக்கையில் தொழுகைக்கு அழைக்கப்பட்டால் உணவை முதலில் முடித்துக்கொள்ள மார்க்கம் அனுமதித்திருப்பதால், பதற்றமின்றி உண்கிறோம்.

முதல் சில வாரங்கள் பேசுவதற்கே எங்களுக்குத் தெரியவில்லை. எட்டுப் பேரும் ஒன்றாக அமர்ந்து பழக்கமில்லாத வீடு அது. பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடத்துச் செய்திகளைத் தொடங்கினர். மூத்த மகனுக்குக் கணக்குப் பாடம் கடினமாக இருப்பதை அவன் அத்தா அறிந்தது அந்த விரிப்பில்தான். மாமியாரின் கால் மரத்துப்போவதை நாங்கள் அறிந்ததும் அங்கேதான். மறுவாரமே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். நான்கு பந்தியாக உண்ட காலத்தில் இவை யாரிடம் சொல்லப்பட்டிருக்கும்?

சகோதரிகளே, உங்கள் இல்லத்தில் அது பாஸ்தாவாக இருக்க வேண்டுமென்பதில்லை. தக்காளிச் சோறாக இருக்கலாம், காய்கறிக் கிச்சடியாக இருக்கலாம், கஞ்சியாகவே இருக்கலாம். அடுப்பை அணைத்துவிட்டு நீங்களும் வந்து அமரக்கூடிய ஓர் உணவாக இருந்தால் போதும். சகோதரர்களே, வாரத்தில் ஓர் இரவேனும் அந்த விரிப்பில் உங்கள் இடம் காலியாக இல்லாதிருக்கட்டும். சமைத்தவர் அமரும்வரை முதல் கவளத்தை எடுக்காதிருங்கள்.

அல்லாஹ் நம் இல்லங்களின் உணவில் பரக்கத்தையும், அதை உண்ணும் உள்ளங்களில் அன்பையும் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.